கழற்றிய சைலன்சர்

கரியாலூரிலிருந்து பஸ் பிடித்து வந்த டயானா, கள்ளக்குறிச்சியில் செல்லமுத்துவின் மெக்கானிக் ஷெட் வாசலிலேயே நின்றாள்.

“அண்ணே, எங்க வூட்டுக்காரரு கார்ல நீங்க மாட்டுன பெரிய சைலன்சரை எடுத்துட்டுப் பழசையே போட்டுடுங்க. சாயங்காலமானா மலை வளைவுல இடி மாதிரி சத்தம் போட்டுக்கினு வருது. கொழந்த அலறுது.”

“ஜெரின்தாம்மா கேட்டாரு. டர்போ வண்டிக்குப் பெரிய சைலன்சரும் பெரிய பெட்ரோல் பம்பும் வேணும்னாரு. மலைக்கு அது ஜாஸ்தின்னு சொன்னேன்.”

“நேத்தும் வூட்டு வாசல்ல நின்னு மூணு தடவ உறுமிட்டுப் போச்சுண்ணே. உள்ள வரல.”

“சரிம்மா, பழசையே மாட்டிடறேன். நீ வூட்டுக்குப் போ” என்று செல்லமுத்து அனுப்பிவைத்தான்.

பாவம், இன்னும் தேறவில்லை. ஜெரினை அடக்கம் செய்து நாற்பது நாளாகிறது. பள்ளத்திலிருந்து தூக்கிய வண்டி பழைய இரும்புக்குப் போகும் முன், அடிபடாத சைலன்சரை மட்டும் வேறு வண்டிக்கு ஆகுமே என்று செல்லமுத்து யாரிடமும் சொல்லாமல் கழற்றி வந்திருந்தான். அன்றிலிருந்து அது மூலையில், சாக்குக்கடியில் கிடந்தது.

மனம் கேட்காமல் சாக்கை விலக்கித் தொட்டவன், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்ததைப் போல அது கொதித்துக்கொண்டிருந்தது.