பஸ்ஸில் கிடைத்த மருமகள்

“மருமகளே! உனக்கு இடம் போட்டு வச்சிட்டு எவ்ளோ நேரமா கூப்பிடறேன்? இங்க வா!”

நெரிசலைச் சாக்காக வைத்துத் தன்மேல் சாய்ந்துகொண்டே வந்தவனிடமிருந்து விலகி, அந்தக் கல்லூரிப் பெண், குரல் கொடுத்த நர்ஸம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் அடுத்த நிறுத்தத்தில் நழுவினான்.

“ரொம்ப தேங்க்ஸ்மா. ஆனா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே!”

நர்ஸம்மா தன் உள்ளங்கையைப் பார்த்துச் சிரித்தாள். “உன் வயசுல எனக்கும் ஆகலை. இதே பஸ்ல, இதே மாதிரி ஒருத்தன். முன்பின் தெரியாத ஒரு அம்மா ‘மருமகளே’ன்னு கூப்பிட்டு உக்கார வச்சாங்க. இறங்கற வரைக்கும் பிடிச்ச கையை விடலை.”

“அப்புறம் அவங்களைப் பார்த்தீங்களா?”

“தினமும்! அவங்க பையனைத்தானே கட்டிக்கிட்டேன். போன வருஷம் அவங்க கண்ணை மூடற வரைக்கும் ஒரே சமையலறை, ஓயாத சண்டை.”

பெண் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள்.

“பயப்படாதே, எனக்கு ரெண்டும் பொண்ணுங்க!”