எட்டு வரி வசனம்

"மைக்கைப் பிடிச்சதும் உண்மையைச் சொல்லிட்டு, விருதைத் திருப்பிக் கொடுத்துடப் போறேன் மாப்ளே."

நடிகர் இப்படிச் சொன்னதும், அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்த கை நின்றது. அது அவர் மனைவியின் தம்பியின் கை. நாடகக் குழுவில், பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நடிகர்கள் மறக்கிற வசனத்தை எடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவர். குழுவில் அவருக்குப் பெயர் 'கொட்டாவி'.

"எந்த உண்மையை அத்தான்?"

நடிகர் அழைப்பிதழை நீட்டினார். நாட்டின் மேடைக்கலை விருது. 'ரயிலடிக் காட்சியில், மகளை அனுப்பும் தந்தையின் துயரைப் பேசாமலே பேசிய மௌனத்துக்காக' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

"பேசாம பேசினேனாம். எட்டு வரி வசனம் மறந்து திருதிருன்னு முழிச்சேன். நீ எடுத்துக் கொடுப்பேன்னு பார்த்தா, தூங்கிட்டே. இந்தப் பொய்யைக் கொண்டுபோய் வீட்டுல எந்த அலமாரியில வைக்கிறது?"

"மூணு எண்ணுறதுக்குள்ள வசனம் வரலைன்னா நான் கொடுக்கணும். அதானே நம்ம வழக்கம்."

"நான் முப்பது வரைக்கும் எண்ணிட்டேன், பாவி. கையில மகளோட பெட்டி. கொடுக்கவும் தோணலை, கீழே வைக்கவும் தோணலை."

இருவரும் சிரித்தார்கள். இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய, நாடகம் அரங்கேறிய அந்த முதல் நாள், ஒப்பனை அறைக்குள் மெல்ல வந்து உட்கார்ந்துகொண்டது. சாயம் காயாத அட்டை ரயில், பழைய பேப்பர் அடைத்த பெட்டி, ஸ்டூலுக்கு மேல் சின்ன டார்ச் வெளிச்சம். நினைக்க நினைக்க இனித்தது.

"அன்னிக்குக் காலையிலதானே நம்ம பொண்ணையும் ஹாஸ்டலுக்கு ரயிலேத்திவிட்டோம்?" என்றார் கொட்டாவி.

"பதினோரு வயசு. திரும்பிக்கூடப் பார்க்கலை, கழுதை."

"நீங்களும் ஒரு சொட்டு அழலை. கல்நெஞ்சுன்னு அக்கா திட்டினா."

"சாயங்காலம் நாடகம். எனக்கு அழ எங்க நேரம்?" என்ற நடிகர், கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன் பேரையும் இழுக்க வேண்டியிருக்கு மாப்ளே. அதான் கேட்கிறேன்."

"என் மானம் அன்னிக்கே கப்பலேறியாச்சு. சும்மா சொல்லுங்க."

"இயக்குநர் உன்னை வேலையை விட்டே தூக்குவார்னு நினைச்சேன். அவர் எழுதின வசனத்துல ஒரு வரியை முழுங்கினதுக்கே முந்தின வாரம் ஒருத்தரை அனுப்பினார்."

"வசனத்துல கை வைக்கிறவனைத்தான் அனுப்புவார். தூங்கினவனுக்குத் தலையில ஒரு குட்டு, அவ்வளவுதான்."

"ஜனங்க எழுந்து நின்னு கைதட்டினதும் மறுநாளே அந்த எட்டு வரியையும் அவரே அடிச்சுட்டார். எல்லாம் உன் தூக்கத்தோட புண்ணியம்."

ஒலிபெருக்கியில் நடிகரின் பெயர் கேட்டது. எழுந்து வாசல்வரை போனார். கொட்டாவி அவர் முழங்கையைப் பிடித்தார்.

"திருப்பிக் கொடுத்துடாதீங்க அத்தான். அது பொய் இல்லை. நான் தூங்கலை."

"என்னடா சொல்றே?"

"எட்டு வரியும் கண்ணு முன்னாடிதான் இருந்தது. மூணு எண்ணிட்டு வாயைத் திறந்தேன், உங்க முகத்தைப் பார்த்தேன். காலையில நிஜ ரயிலடியில பார்த்த அதே முகம். சத்தமில்லாம நோட்டை மூடிட்டு டார்ச்சை அணைச்சேன். இயக்குநர் ஓடி வந்தப்புறம்தான் கொட்டாவி விட்டேன்."