மேலே போன வாள்

வாள் அவன் கையை விட்டுப் போய்விட்டது.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

எறிய மாட்டேன் என்று காலையில்தான் சத்தியம் செய்திருந்தான். அவள் கணவன் உவைபோ. இந்த ஆண்டு பட்டம் வாங்கிய புதுத் தலைவன். இடுப்பில் சிவப்புத் துணி, தொப்பைக்கு மேல் பவளமாலை.

பெனின் அரண்மனை முற்றம். இகுவே திருவிழாவின் பிற்பகல்.

தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து அரசர் ஓபாவின் முன்னால் எபென் வாளைச் சுழற்றி ஆட வேண்டும். நான் உங்கள் ஆள் என்று சொல்லும் ஆட்டம் அது. சுழற்றினாலே போதும். எறிந்து பிடிப்பது அவரவர் துணிச்சல்.

கீழே விழுந்தால் ஓபாவுக்கே ஆகாது என்பார்கள். போட்டவன் அப்புறம் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

இவனுக்கு எதற்கு இந்த வேலை?

எபெனை வீட்டில் வைத்து விளையாட முடியாது. அதனால் அவளுடைய மர அகப்பைதான் இத்தனை நாளும் வாள். கோழி மேல் விழுந்தது. சாக்கடையில் விழுந்தது. ஒரு நாள் கொதிக்கும் குழம்பில் விழுந்தது.

அது உடைந்ததும், வாழைக்காய் வறுக்கும் நீளக் கைப்பிடி வாணலியை எடுத்து நீட்டினாள். கனத்தைப் பார்த்து விட்டுவிடுவான் என்று நினைத்தாள்.

மனுஷன் விடவில்லை. வாணலிதான் நசுங்கியது.

அரண்மனை முற்றத்தில் இப்போது சத்தமே இல்லை.

விழுந்த சத்தமும் இல்லை.

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். வாள் இன்னும் மேலேதான் இருந்தது. விசிறி போல் அகன்ற அதன் தலை மெல்லச் சாய்ந்தது. தயங்கியது. பிறகுதான் கைப்பிடி கீழே திரும்பியது.

இந்தத் தயக்கத்தை அவள் பார்த்திருக்கிறாள். தினமும் காலையில், துணிக்கொடிக்கு மேலே.

வாணலி.

அவசரப்பட்டால் போச்சு. அவன் கை எழும்புவது தெரிந்தது.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் தனக்குள்.

அவன் பொறுத்தான்.

பிடித்துவிட்டான்.

மேளம் அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கோ சிரிப்பு தாங்கவில்லை. அந்தத் தொப்பை, அந்த வியர்வை, அந்தப் பெருமை. ஊரில் இவனைப் போல் ஒருவன் உண்டா என்று இருந்தது.

இனி மண்டியிட்டு வணங்கிவிட்டு வரவேண்டியதுதான்.

அவன் மண்டியிடவில்லை.

ஓபாவைப் பார்த்தான். ஓபாவின் முகத்தில் லேசாகச் சிரிப்பு.

முழங்கால் வளைந்தது. வாள் பிடித்த கை கீழே தாழ்ந்தது. வீட்டு முற்றத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறாள், இந்தக் கை எதற்குத் தாழும் என்று அவளுக்குத் தெரியும்.

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் மூடவில்லை.