கைத்தடி

சாயங்கால வெளிச்சம் கட்டில் விளிம்பு வரைக்கும்தான் வந்திருக்கிறது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, எத்தனையோ வருஷமாய்ச் சொல்லிவரும் ஜெபத்தை அதே வேகத்தில் சொல்லிக்கொண்டு போகிறார். "ஆண்டவரே, இவரோட முழங்கால் வலியைத் தொட்டு சுகமாக்கும்." மருமகளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. மாமனாரை அடக்கம் செய்து மாதக்கணக்காகிறது. மாமியாரின் நாக்கு மட்டும் இன்னும் அவருக்கு வைத்தியம் பார்க்கிறது. அவருடைய கைத்தடி சுவரில் சாய்ந்தபடியே இருக்கிறது. தன் முழங்காலும் வீங்கி, கோயிலுக்குப் போவதே நின்றுபோன பிறகும், "அது அவரோடது" என்று மாமியார் அதைத் தொடவில்லை. இப்போது ஜெபம் பாதியில் நிற்கிறது. ஆமென் சொல்லி முடித்துவிடலாமா என்று மருமகள் தவிக்கிறாள். "சுகமாக்கிட்டீரே," என்கிறார் மாமியார், கண்ணைத் திறக்காமலே. "தடி இல்லாம நடக்க வெச்சிட்டீரே. ஸ்தோத்திரம்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "என்னை இன்னும் இங்க வெச்சிருக்கீர். எதுக்குன்னு காட்டும்." மருமகள் எழுந்து சமையலறைக்குப் போய் விளக்கைப் போடுகிறாள். கூடத்திலிருந்து டொக், டொக் என்று தடிச் சத்தம் வருகிறது. அவள் உடம்பு தானாகவே, மாமனாருக்கு ஒதுங்குவதுபோல, சுவரோரம் ஒதுங்குகிறது. பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறாள். "நாளைக்குக் கோயில் வரைக்கும் போகணும்," என்கிறார் மாமியார். "இப்பவே பழகிக்கிறேன்."