எதிர்மலைக்காரர்

"அதெல்லாம் சரிம்மா. இதுல எது நல்லா சத்தம் போடும்?"

டார்லா கையிலிருந்த துப்பாக்கியைக் கவுண்டர்மேல் வைத்தாள். கென்டக்கி மலைக்காட்டில் வருஷக்கணக்காகத் துப்பாக்கி விற்கிறாள். சத்தம் கம்மியாக வேண்டும் என்று கேட்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறாள். சத்தம் போதாது என்று முகத்தைச் சுளித்த முதல் ஆள் இந்த ஆர்வில் பெரியவர்தான்.

"பெரியவரே, டப்பா சுடணும், கெடைச்சா அணில் அடிக்கணும்னுதானே சொன்னீங்க? அதுக்கு இந்த இருபத்திரண்டு காலிபர் துப்பாக்கி போதும். போல்ட்டை இழுத்து இழுத்து ஒவ்வொண்ணா சுடலாம். குழல் நீளம், சத்தம் அடங்கி வரும். விலையும் கையைக் கடிக்காது."

"அணிலை அடிச்சு என்ன பண்றது? குழம்பு வெக்க என் வீட்டுக்காரி ஓபல் இருந்தா. அவதான் போய்ட்டாளே. எனக்கு டப்பா சுட்டாப் போதும்."

"பழைய துப்பாக்கிக்கு என்ன ஆச்சு?"

"டிவி பாத்துக்கிட்டே தோட்டா போடாம சும்மா சும்மா விசையை இழுத்துக்கிட்டு இருந்தேன். உள்ள அடிக்கிற ஊசி உடைஞ்சு போச்சு."

"இருபத்திரண்டை வெறுமன தட்டக் கூடாதுன்னு எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"சின்னப் புள்ளைக்குப் பேச ஆள் இருக்கும். நான் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, சொல்லு."

டார்லா சிரித்துவிட்டாள். பெரியவர் சிரிக்கவில்லை. கவுண்டர் பக்கம் குனிந்து குரலைத் தணித்தார்.

"எனக்கு எதிர்மலையில ஒருத்தர் இருக்கார். முகத்தைப் பாத்ததில்லை, காடு மறைக்குது. சாயங்காலம் நான் டப்பாவை அடுக்கி ரெண்டு சுட்டா, அவரும் ரெண்டு சுடுவார். மூணு சுட்டா மூணு. கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

"சரி."

"ஊசி உடைஞ்சதுலேருந்து பேரன் விட்டுட்டுப் போன காத்துத் துப்பாக்கிதான். அது புஸ்ஸுங்குது. அவர் காதுல எங்க விழப்போகுது? ஒரு மாசமா அந்தப் பக்கம் மூச்சே இல்லை. கோவமோ என்னமோ. நான் செத்துட்டேன்னுகூட நெனச்சிருக்கலாம்."

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர்றதுதானே?"

"நடுவுல பள்ளம். என் முட்டிக்கு ஆகாது. அதுவும் நான் புதுசா குடிவந்தவன். துப்பாக்கியும் கையுமா இருக்கிற ஆளோட வாசல்ல சொல்லாமக் கொள்ளாமப் போய் நிக்க முடியுமா?"

அது நியாயம்தான். இந்தப் பக்கத்தில் யாரும் அப்படிப் போய் நிற்க மாட்டார்கள்.

"நீங்க எந்த ஊரு?"

"இண்டியானா. கண்ணுக்கு எட்டின தூரம் சோளக்காடு, மேடுன்னு பேருக்குக்கூடக் கிடையாது. ஓபல் பொறந்தது இங்க, புதைச்சதும் இங்க. அதான் நானும் வந்துட்டேன். எங்க ஊர்ல சுட்டா சத்தம் போனது போனதுதான். எவனும் திருப்பிச் சுட மாட்டான். இங்க மனுஷங்க பரவாயில்லை."

"இங்க வீடு எங்க?"

"லாரல் ஓடையில கடைசி வீடு."

கவுண்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டார்லாவின் கை நின்றது. அந்த ஓடைக்கரையில்தான் அவள் பிறந்து வளர்ந்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிவிக்கு எதிரே ஒற்றைத் தட்டோடு உட்காருகிறவள்தான் அவளும்.

நீளக்குழல் துப்பாக்கியை எடுத்து வைத்துவிட்டு, ரேக்கின் கோடியிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தாள்.

"இது பழசு, ஆனா நல்லாயிருக்கு. குழல் குட்டை. வேகத் தோட்டா போட்டுச் சுடுங்க, காதைப் பிளக்கும். காது அடைப்பான் மறக்காதீங்க."

"அடைச்சுக்கிட்டா அவர் சுடுறது எனக்கு எப்படிக் கேக்கும்?"

"சுட்டதும் கழட்டிடுங்க."

பெரியவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தார். அவருக்குத் திருப்திதான். ஆனாலும் கேட்டார்.

"இதுக்கும் பதில் வரலைன்னா?"

"வரும் பெரியவரே. எப்ப சுடப்போறீங்க?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம், சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து."

ஞாயிறு சாயங்காலம் ஆர்வில் மண்மேட்டுக்கு முன்னால் டப்பாக்களை அடுக்கினார். இன்றைக்கும் பதில் வராவிட்டால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். யாருக்காகச் சுடுவது? குறி பார்க்கவும் தோன்றவில்லை. மளமளவென்று மூன்று முறை சுட்டுவிட்டுக் காது அடைப்பானைப் பிடுங்கிப் போட்டார். ஒரு டப்பாகூட விழவில்லை.

அதற்குள் எதிர்மலையிலிருந்து பதில் வர ஆரம்பித்திருந்தது. மூன்று.

"இருக்கான்யா" என்றார். கண் கலங்கிவிட்டது.

துப்பாக்கியைக் கீழே வைக்கப் போனவருக்கு நான்காவதாக ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கு ஒண்ணு கூடவே பேசுறான்" என்று தொப்பியைக் கழற்றிக் காட்டைப் பார்த்து ஆட்டினார்.

அந்தக் காட்டுக்குப் பின்னால், எந்தக் காலத்திலும் ஒரு வீடுகூட இருந்திராத மொட்டைப் பாறையின் உச்சியில், மூன்று எதிரொலியும் அடங்கும்வரை பொறுத்திருந்து சுட்ட டார்லா, பெரியவர் அடுத்து எப்போது சுடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.