வால் சுருட்டை

டேய், பொண்ணுங்க திட்டுனா மட்டும் காது கேக்காத பசங்களா, இதக் கொஞ்சம் கேளுங்க.

ஒரு குட்டையில மூணு பொட்டை வாத்து, நாலு ஆண் வாத்து. ஆணுங்க எந்நேரமும் தொரத்திப் பிடரியக் கவ்வுனதுல பவளம்ங்கற பொட்டைக்குக் கழுத்தே மொட்டையாயிருச்சு. அதுல முதல் ஆளு சொக்கன்.

வளக்குறவருக்குக் கடுப்பு. "முட்டை பொரியறதுக்கு ஒரு ஆண் போதும், மிச்சத்தத் தனிக் கூண்டுல போடுறேன்"னு கெளம்பிட்டாரு. வாலுல சுருட்டை இறகு இருந்தா ஆணு, அவருக்குத் தெரிஞ்ச அடையாளம் அது ஒண்ணுதான். கூண்டுக்குப் பயந்த சொக்கன் தன் சுருட்டைய அலகாலயே பிச்சுப் போட்டுட்டுப் பொட்டைங்களோட நின்னுக்கிட்டான். தப்பிச்சுட்டான்.

ஆனா மிச்சம் இருந்த ஒரே ஆணு கருப்பட்டிக்கும் அந்த அடையாளந்தானே தெரியும்! நாள் பூரா சொக்கனையே தொரத்துனான். "டேய், நான் சொக்கன்டா!" ஆண் வாத்துக்கு ஏது குரல்? தொண்டை கட்டுன முனகல்தான் வந்துச்சு, தொரத்துறவன் காதுல அது விழல.

பிடரி ரத்தமா நின்னவனப் பவளம் பாத்தா. யாரோ புதுசா வந்த பொட்டைன்னு நெனச்சு றெக்கைய விரிச்சு மறைச்சா.

"ஒளிஞ்சுக்கடி. இவனுங்களோட ஒரே ரோதனை. என் கழுத்தப் பாரு, எல்லாம் அந்தச் சொக்கன் பய வேலை. நல்லவேளை, கூண்டுக்குப் போய்த் தொலஞ்சான்."

சொக்கன் அவ றெக்கைய விட்டு வெளிய வந்து, அவ காதுகிட்ட முனகுனான்.

"போகலக்கா. நான்தான் அவன்."