சுமைதாங்கி மேல் ஒரு மூட்டை

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் மதினி சண்முகசுந்தரி. போன ஐப்பசியில் கல்லிடைக்குறிச்சி ஆற்றில் முழுகிவிட்டு, ஈரச்சேலையோடு படியேறும்போது சொன்னார். மதினி ஒரு பேரூராட்சியில் வார்டு உறுப்பினர். நடந்தது அங்கேதான்.

பேரூராட்சி ஆபீசைப் புதுப்பிக்கக் கூட்டம் போட்டிருந்தார்கள். தலைவர் சித்ரலேகா, முன்னே டீச்சராக இருந்தவர். ஒழுகுகிற கூரை, வெடித்த தரை என்று அவர் சொல்லச் சொல்ல எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியாக வாசலுக்கு வந்தார். பென்ஷன் கேட்டு வந்த பெரியவர் ஒருவர் போன மாசம்தான் படியில் சறுக்கி விழுந்திருந்தார். வாசலில் நிற்கிற சுமைதாங்கியை எடுத்துவிட்டுச் சாய்தளம் போடலாம் என்றார்.

"சம்மதம்னா கை தூக்குங்க."

ஒரு கைகூட எழும்பவில்லை. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது.

அந்தச் சுமைதாங்கி எப்போதோ சூலியாகச் செத்துப்போன ஒருத்திக்காக நட்டது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருக்கும். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவள் மனசு ஆறட்டும் என்று, வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கிவைக்க நம்ம பக்கம் நட்டுவிடுவார்கள்.

இப்போது தலைச்சுமையோடு யார் நடக்கிறார்கள்? ஆனாலும் கொஞ்ச காலமாக, வெள்ளிக்கிழமை விடிந்தால் அந்தக் கல் மேல் ஒரு துணிமூட்டை இருக்கும். வைத்தவரைக் கண்டவர் இல்லை. உச்சி சாய்ந்து பார்த்தால் மூட்டை இராது. துவைத்து மடித்த துணி ஒன்று மட்டும் இருக்கும்.

உறுப்பினர்களில் மூத்தவர், அரிசி மண்டி அப்பாத்துரை அண்ணாச்சி பைய எழுந்தார்.

"கல்லைத் தொட வேண்டாம் தாயி. அங்கன ஆளு இருக்கு."

படித்தவர்கள் உட்கார்ந்து பேசுகிற பேச்சா இது என்று சித்ரலேகாவுக்குக் கோபம் வந்தது. கோயில் பக்கமே போகாத இன்னொரு உறுப்பினர் கார்த்திகேசனைப் பார்த்தார். நீங்களுமா இதை நம்புகிறீர்கள் என்று கேட்டார்.

"பேயும் நம்ம வார்டுதான டீச்சர். இருந்துட்டுப் போட்டும்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நானே உட்கார்ந்து பார்க்கிறேன், பேய் இல்லையென்றால் திங்கட்கிழமை கல் பெயரும் என்று சொல்லிவிட்டார் சித்ரலேகா. அண்ணாச்சி முகம் வெளிறிப் போய்விட்டது. பெரிய மனுஷன், ஒரு பொம்பளையைப் பார்த்துக் கைகூப்பினார். உச்சிநேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம் என்று கெஞ்சினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னே ஆபீசில் இருந்தவர்கள் சொல்லிவைத்ததுபோல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தெருவில் வீட்டுக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. எதிர்த்த டீக்கடை ஐயம்பெருமாள்கூட நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ஜன்னலோரம் சித்ரலேகா மட்டும். வெயில் வெள்ளையாக எரிந்தது. கல் மேல் மூட்டை.

சுவரோரமாக ஒருத்தி வந்தாள். முக்காடு முகத்தை மூடியிருந்தது. நடக்கிற சத்தமே இல்லை. கல் பக்கம் வந்ததும் திரும்பி, அதற்கு முதுகைக் கொடுத்து நின்றாள். இரண்டு கையையும் பின்னால் நீட்டி, பார்க்காமலே மூட்டையைத் தடவினாள்.

"காந்திமதித் தாயே" என்று சித்ரலேகாவின் வாய் தானாக முணுமுணுத்தது.

மூட்டையை இடுப்புக்கு மாற்றும்போது முக்காடு நழுவியது. நித்யா.

அவரிடம் படித்த பிள்ளை. ரெண்டு தெரு தள்ளி, பெரிய வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒரு காலத்தில் ஊருக்கே நெல் அளந்து போட்ட வீடு அது. புருஷன் பைக்கிலிருந்து விழுந்து படுத்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை. சின்னப் பிள்ளைகள் ரெண்டு. வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒருத்தர் முன்னால் கை நீட்டிப் பழகாத கை, பின்பக்கமாக நீண்டிருக்கிறது. மூட்டை இடுக்கில் ஒரு முருங்கைக்காய் துருத்திக்கொண்டிருந்தது.

துவைத்து மடித்த போன வாரத்து மூட்டைத் துணியைக் கல் மேல் வைத்துவிட்டு அவள் வந்த வழியே போய்விட்டாள்.

சித்ரலேகா நேரே அரிசி மண்டிக்குப் போனார்.

"பேய் இல்லைன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா, அண்ணாச்சி?"

"ஊருக்கே தெரியும் தாயி. அடுத்தவன் கை உதவாம சுமையை இறக்கவும் எடுக்கவும்தான அந்தக் கல்லு. மனுசர் கொடுத்தா அந்தப் பிள்ளை வாங்காது. கல்லு கொடுத்தா வாங்கிக்கிடும்."

"நீங்கதான் வைக்கீங்களா?"

"சில வாரம் நான் வைப்பேன். நான் போகாத வாரமும் மூட்டை இருக்கும். யாருன்னு நாங்க ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கிடதில்ல."

தெரிந்திருந்தால் சித்ரலேகா கல்லைப் பெயர்க்கச் சொல்லியிருப்பாரா? அவரும் ஒரு மூட்டை வைத்திருக்க மாட்டாரா?

"எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?"

அண்ணாச்சி தராசுத் தட்டை எடுத்துத் துடைத்தார். துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்தார்.

"கோவிச்சுக்கிடாதீங்க தாயி. வெள்ளத்தப்போ நீங்க அரிசிப் பை கொடுத்தீங்கல்லா? வாங்குன ஒவ்வொருத்தரையும் நிப்பாட்டிப் போட்டோ புடிச்சு ஊர் பூரா அனுப்புனீங்க. நித்யா வரிசையில பாதி தூரம் வந்துட்டு, அதைப் பாத்துத் திரும்பிப் போச்சு. அந்த வாரந்தான் முத மூட்டை வந்துச்சு."

சாய்தளம் இப்போது ஆபீசின் பக்கவாட்டில் ஏறுகிறது. அது எந்த ஊர் என்று மட்டும் என்னிடம் கேட்காதீங்கம்மா.